ரதி வேஷத்துக்கு ஆகாத முகம்

என் வீட்டுக்காரர் என்னைவிட அழகு. தோட்டமே சொல்லும், நான் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? தலவாக்கலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேஷம் அவருக்குத்தான். ஆண்கள்தான் பெண் வேஷமும் கட்டுவார்கள். கல்யாணமான புதிதில், அரிதாரம் பூசிச் சேலை கட்டி அவர் வந்து நின்றபோது லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

தோட்டத்து ஆட்களான எங்களுக்கெல்லாம் ஓட்டு இல்லையென்று இலங்கைச் சர்க்கார் சொல்லிவிட்ட வருஷங்களில்தான் அவர் தவறணைக்கு, அந்தச் சாராயக் கடைக்குப் போகத் தொடங்கினார். மழையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிறவனுக்குக் குளிர் தாங்க ஒரு மடக்கு சாராயம் வேண்டும் என்பார். மடக்கு போத்தலானது. முதலில் கண் சிவந்தது. பிறகு கண்ணுக்குக் கீழே தோல் பை மாதிரி தொங்கியது. மூக்கிலும் கன்னத்திலும் சிவப்பாக நரம்பு ஓடியது. உதடு வெடித்தது. தேங்காய் எண்ணெய் தடவினாலும் தோல் வறண்டே கிடந்தது.

"பனி அடிச்சா அப்பிடித்தான் புள்ள" என்பார். அதே பனி எனக்கும்தான் அடித்தது!

ஆனால் கூத்துக்காரர்கள் கையில் காப்புக் கட்டிவிட்டால், காமன் எரியும் நாள்வரை கறியும் கிடையாது, குடியும் கிடையாது. சாமி காரியத்தில் விளையாடுகிற துணிச்சல் அவருக்கு இல்லை. அந்த நாட்களில் வீக்கம் வடியும். கண் தெளியும். நான் கைப்பிடித்த மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவார். விரதக்காரரைத் தொடக்கூடாது. அடுப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ரொட்டி கருகினதுகூடத் தெரியாது. காப்பு அவிழ்ந்ததும் தவறணை வாசலில் முதல் ஆள் அவர்தான். நான் தொடலாம் என்று ஆகும்போது சாராய வாடை வந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் மாசிக்காக அப்படி ஏங்கினேன்.

ஒரு வருஷம் காப்புக் கட்டியும் முகத்து வீக்கம் வற்றவில்லை. அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை, அதற்கு நான் சாட்சி. கண்ணில் வெள்ளை இருக்கவேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. கூத்துப் பழக்கும் வாத்தியார் அரிதாரம் பூசிப் பார்த்தார். அது கன்னத்தில் நிற்காமல் திட்டுத்திட்டாக வெடித்தது.

"ரதிக்கு இந்த மூஞ்சி ஆகாதுப்பா. இந்த வருஷம் எமன் வேஷம் கட்டிக்க."

"வெரதம் சுத்தமா இருக்கேன் வாத்தியாரே."

"எனக்குத் தெரியுதுப்பா. ஒன் மூஞ்சிக்குத் தெரியலையே."

வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்: "இன்னும் நாளு இருக்குல்ல புள்ள, வத்திரும்ல?"

"வத்திரும்ங்க" என்றேன். கொத்தமல்லி அவித்து அவித்துக் கொடுத்தேன். வற்றவில்லை.

எமனாகத்தான் வந்தார். சின்னப் பிள்ளைகள் அலறின. இவருக்குச் சாயமே தேவையில்லை என்று எவனோ சொல்ல, கூட்டம் சிரித்தது. பக்கத்து லயத்து இளந்தாரி ஒருவன் ரதியாக நின்று, எரிந்த காமனுக்காகப் புலம்பிப் பாடினான். எமனுடைய உதடு அந்தப் பாட்டை வார்த்தை பிசகாமல் முணுமுணுத்ததை நான் பார்த்தேன். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பாட்டுக்காக அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாசிக்கு அவர் இல்லை.

கூத்தில், எரிந்த காமனுக்குச் சிவன் திரும்ப உயிர் கொடுப்பார், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. எனக்கு அந்த வரமும் இல்லை. கண்ணை மூடினால் வீங்கின முகந்தான் வருகிறது. போட்டோ பிடித்து வைக்கிற வழக்கமெல்லாம் லயத்தில் ஏது? அந்த நல்ல முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு நினைத்தாலும் பிடிபடவில்லை. விரதம் கெட்டால் கெட்டுப்போகட்டும் என்று ஒரு தரமாவது அந்தக் கன்னத்தைத் தொட்டிருக்கலாம். கைக்காவது ஞாபகம் இருந்திருக்கும்.