நாற்பது நிமிட அக்கா

எங்கள் தீவின் விமான நிலையத்தில் ஒரே ஒரு கவுண்டர். பத்தொன்பது வருடமாக அதில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நாற்பது நிமிடம்’. பக்கத்துத் தீவுக்கு எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். “நூத்தி அறுபது கிலோமீட்டர், நாப்பது நிமிஷம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்!”

இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. பெட்டி ஏற்றும் நானே இரண்டு முறை போய் வந்துவிட்டேன்.

விமானம் சின்னது. பெட்டியோடு ஆளையும் தராசில் ஏற்றி எடை பார்ப்போம். எடை மிஞ்சினால், கடைசியாக வந்தவரின் பெட்டி இறங்கும். அழுதாலும் புரண்டாலும் அக்கா மசிய மாட்டார்.

அன்று காலை ஏழரைக்கு அவரே கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார், கடைசி ஆளாக. பக்கத்துத் தீவில் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம், மருமகன் கப்பலில். “நீ வராம பெத்துக்க மாட்டேம்மா” என்று போனில் அழுதாளாம். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் மூட்டைக்குள் பாதி வீடு வந்திருந்தது.

“எடையைச் சத்தமாப் படிக்காதடா!” என்று பல்லைக் கடித்தார். விடுவேனா? ஊருக்கே கேட்கும்படி படித்தேன்.

பைலட் வந்தார். “எதிர்காத்து. எண்ணெய் கூடுதலாப் போட்டிருக்கு, பதினெட்டு கிலோ குறைக்கணும். இன்னைக்கு நாப்பத்தெட்டு நிமிஷம் ஆகும்.”

“போர்டுல நாப்பதுன்னு போட்டிருக்கே!” என்று அக்கா பாய்ந்தார்.

“யாரு போட்டது?”

“நான்தான்!”

எடை மிஞ்சி மூன்று முறை அக்காவிடம் பெட்டியைப் பறிகொடுத்திருந்த வாத்தியாரும் அன்று பயணி. அவர் வாயைத் திறப்பதற்குள், அக்கா தன் மூட்டையை இழுத்துக் கீழே தள்ளினார். குழந்தையைச் சுற்ற ஒரு துணியை மட்டும் உருவிக்கொண்டு ஓடினார்.

மீதியை அவர் திரும்பி வந்ததும் சொன்னார். அரை மணி நேரமாகியும் கீழே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. பொறுக்காமல், “தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று பைலட்டைக் கேட்டாராம்.

“கண்ணை மூடித் திறங்கக்கா, போயிடும்.”

“எட்டு தடவை மூடித் திறந்தேன், பாவி! அதே கடல்தான்!”

இறங்கியதும் ஒரே ஓட்டம். மகளின் கையைப் பிடித்த பத்தாவது நிமிடம் பேத்தி பிறந்தாள். கொண்டுபோன துணியில்தான் சுற்றினார்களாம். சொல்லும்போதே அக்கா சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். எங்களுக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஓர் இளைஞன் மூச்சிரைக்க வந்தான். “அந்தத் தீவுக்கு எவ்வளவு நேரமாகும்?”

நாற்பது என்று சொல்ல நாங்கள் எல்லோரும் வாயெடுத்தோம். அக்கா தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

“எதுக்குப்பா போறே?”

“பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சு.”

“அப்ப ரொம்ப நேரமாகும். கடலைப் பாக்காதே, இன்னும் தூரமாத் தெரியும்” என்று சொல்லிச் சீட்டை எழுதி நீட்டினார். “கதவோரம் போட்டிருக்கேன். நின்னதும் ஓடு!”