பத்தாயிரம் மணி நேரம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்று நான் எடுத்த அளவுகள் பதிவேட்டில் பென்சிலில் இருக்கின்றன, நேரத்தோடு.

பல்கலைக்கழகத்தில் உலோகக் கலவை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சோதனை நடந்தது நிலவறையில்; ஜன்னல் கிடையாது. 650 டிகிரி உலைக்குள் என் கலவையில் செய்த விரல் பருமன் கம்பி. அதன் கீழ்முனையில் முந்நூறு கிலோ இரும்புத் தட்டுகள். சூட்டில் கம்பி மெல்ல மெல்ல நீளும். பத்தாயிரம் மணி நேரம் அறாமல் தாங்கினால் எனக்குப் பட்டம். அறுந்தால் ஐந்து வருட உழைப்பு குப்பை. இன்னொரு முறை செய்யக் கலவையும் இல்லை, காலமும் இல்லை.

அந்த ஞாயிறு மாலை ஆறுக்குப் பத்தாயிரம் நிறையும். ஆனால் நீட்சியைக் காட்டும் முள் இரண்டு நாளாக வேகமெடுத்திருந்தது. அறுவதற்கு முன் அப்படித்தான் ஓடும்.

"தம்பி, இது சாயங்காலம் வரைக்கும் வராது," என்றார் டெக்னீஷியன் அண்ணன். "மனசைத் தேத்திக்கோ."

"வந்துட்டா டீ வாங்கித் தருவீங்களா?"

"நான் டீ வாங்கித் தர்றதா? அதுக்குக் கம்பியே தாங்கிடும்."

சாவியைக் கொடுத்தார். வாசலில் திரும்பினார்.

"எது ஆனாலும் தட்டுக்கு அடியில போகாத."

பகல் 12.40க்குப் போய்விட்டார். கட்டடத்தில் நான் மட்டும்.

1.00 மணி. 3.412 மில்லிமீட்டர்.

2.00 மணி. 3.412. முள் நின்றிருந்தது.

2.30. 3.409.

பாரம் தொங்கும் கம்பி நீளும், இல்லை அறும். சுருங்காது. உலை ஆறிவிட்டதோ என்று பார்த்தேன். 650. இம்மி பிசகவில்லை.

அப்படியென்றால் பாரம் குறைந்திருக்க வேண்டும்...

எட்ட நின்று குனிந்தேன். தட்டுகளுக்கு அடியில் யாருமில்லை. ஆனால் தட்டுகள் நடுங்கின. சுமை தூக்கியவரின் தோள் நடுங்குவது போல.

3.47. மூச்சுச் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு.

4.20. காய்ந்த சிமென்ட் தரையில் ஒரு துளி ஈரம். பிறகு இன்னொன்று...

கதவு நாலடி தூரம். நான் ஓடவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன், அதனிடம் கெஞ்சினேன்.

"இன்னும் கொஞ்ச நேரம்... விட்டுடாதீங்க."

மூச்சு நின்றது. முள் இன்னும் சற்றுப் பின்னால் போனது.

5.41. முனகல்.

5.52. தட்டுகளுக்கு அடியிலிருந்து...

"முடியல..."

நான் அசையவில்லை.

"ஒரு கை குடுங்க..."

கடிகாரத்தைப் பார்த்தேன்.

5.53.

டங்.

கம்பி அறுந்தது. 9,999 மணி, 53 நிமிடம்.

மறுநாள் காலை அண்ணன் உடைந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல வருஷம் முன்னாடி இதே மெஷின்ல ஒருத்தர் போயிட்டாரு. கம்பியைக் காப்பாத்த தட்டுக்கு அடியில தோள் குடுத்தாருன்னு நினைச்சோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இங்க உக்காந்திருப்பியா?"

அலமாரியிலிருந்து அந்த மனிதரின் பதிவேட்டை எடுத்துத் தந்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

1.00 - 3.412. 2.00 - 3.412. 2.30 - 3.409.

அடியில், அவசரமான பென்சில் எழுத்தில் ஒரு வரி.

"5.52. தட்டுக்குக் கீழே யாரோ கை கேட்கிறார்கள். போகிறேன்."