அந்தோனி அண்ணையின் முழங்கால் வாக்குமூலம்

இன்று காலை, ஜேர்மனியின் ஹனோவரில், என் சமையலறை மேசை மீது ஒரு விண்ணப்பப் படிவம்...

இந்த முகநூல் குழு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். களைத்துப்போய் எழுதுகிறேன்.

(பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. உரியவரின் சம்மதம் பெறப்பட்டுள்ளது. வாய்மொழிச் சம்மதம்தான், ஆனால் சாட்சி உண்டு, அவருடைய மனைவி!)

மன்னாரைச் சேர்ந்த அந்தோனி அண்ணைக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு சலவைத் தொழிலகத்தில் துணி மடிக்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது.

அடுத்த மாதம் அவருடைய பிரிவை நகரின் மறுபக்கத்துக்கு மாற்றுகிறார்கள். அதிகாலையில் அங்கே போய்ச் சேரச் சுரங்க ரயிலை விட்டால் வழியில்லை. மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் பழைய இடத்திலேயே வைத்திருக்க முயல்வதாகத் தொழிலாளர் பிரதிநிதி சொல்லியிருக்கிறார். அட்டை இல்லையேல், அநேகமாக வேலையும் இல்லை.

நான் ஊரில் சட்டம் படித்தவன், இங்கே மொழிபெயர்ப்பாளன். ஆகவே ஆலோசனை கூற எனக்கு உரிமை இல்லை, பொருள் மட்டுமே கூறலாம். (இந்த வேறுபாட்டை எங்கள் ஆட்களில் ஒருவரும் இதுவரை ஏற்றுக்கொண்டதில்லை!)

நடமாட்டம் பற்றிய கேள்வி வந்தது.

"அண்ணை, இடையில நிக்காமல் எவ்வளவு தூரம் நடப்பியள்?"

"எவ்வளவு தூரமும் நடப்பன்."

அவருடைய மனைவி மேரி அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரேக்க மூண்டு தரம் குந்தினது ஆர்? பக்கத்து வீட்டுக்காரனோ?"

"நீ சும்மா இரு. தம்பி, நடப்பன் எண்டு எழுதுங்கோ."

"அப்பிடி எழுதினால் அட்டை வராது, அண்ணை."

"வராட்டிப் போகட்டும். நான் பொய்யனாக ஏலாது."

அண்ணை பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பழைய கோப்பு எடுத்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன், அகதி விசாரணையில் அவர் அளித்த வாக்குமூலத்தின் பிரதி. ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. எல்லைக் காட்டை இரண்டு நாள் நடந்து கடந்ததாக அதில் இருந்தது.

"அப்ப ரெண்டு நாள் நடந்தனான் எண்டு சொன்னவன், இப்ப கோயில் வரைக்கும் நடக்க ஏலாது எண்டால் பிடிக்க மாட்டாங்களோ?"

"அண்ணை, உங்களுக்கு வதிவிட அனுமதி கிடைச்சு மூண்டு வருசம். அது அகதிகளைப் பாக்கிற கந்தோர், இது வேற கந்தோர்."

"எல்லாம் ஒரே கொம்பியூட்டர்தான்."

"ஏழு வருசத்தில முழங்கால் தேயும். அது முரண்பாடு இல்லை."

"இதை ஆர் சொல்லுறது? அகதி முகாமில வைச்சு, 'ஒரு சொல் மாறினாலும் உங்கட கதை முடிஞ்சுது' எண்டு விரலை நீட்டிச் சொன்னது நீங்கள்தானே!"

சொன்னேன். விசாரணைக்காகக் காத்திருந்த அந்த முகாம் அறையில் அத்தனை பேருக்கும் சொன்னேன். அன்று அது சரியான அறிவுரை. எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த கேள்விக்குப் போனேன். அச்சம், பதற்றம் காரணமாகப் பயணம் செய்வதில் இடர்ப்பாடு உண்டா?

"இல்லை."

"இல்லையோ?" மேரி அக்கா எழுந்தே விட்டார். "தம்பி, இப்ப இருக்கிற வேலையிடத்துக்கு ரயிலில ஏழு நிமிசம். இந்தாள் ஒவ்வொரு நாளும் விடிய முக்கால் மணித்தியாலம் நொண்டி நொண்டிப் போகுது!"

"நடந்தால் காலுக்கு நல்லம் எண்டு..."

"காலுக்கோ? சண்டை நேரம் பங்கருக்குள்ள மண் சரிஞ்சு மூடின நாளில இருந்து நிலத்துக்குக் கீழ இறங்காத ஆள். கீழறையில இருந்து உருளைக்கிழங்கு எடுக்கவும் நான்தான் போகோணும்!"

"அதையும் எழுதினால் விசரன், மண்டை பிழை எண்டு பதிவாங்கள்," என்றார் அண்ணை, என்னைப் பாராமல்.

நான் பேனையை மூடினேன். பயத்தால் நடக்கிறார், நடப்பதால் முழங்கால் மேலும் தேய்கிறது. முக்கால் மணித்தியாலம் நடப்பதாக மட்டும் எழுதினால், கால் நன்றாகவே இருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். படிவத்தில் காலுக்கு ஒரு கட்டம், மனத்துக்கு ஒரு கட்டம். ஒன்றால் மற்றது கெடுவதை எழுத இடமே இல்லை!

"வாங்கோ அண்ணை, ரயில் ஸ்ரேசன் வரைக்கும் போவம். நேரில பாத்து எழுதுறன்."

குறிப்பேடும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டேன். (பழக்க தோஷம்.)

மருந்துக் கடை வாசலில் அண்ணை ஒரு தடவை நின்றார். பூக்கடை முன் நின்று பூக்களை உற்றுப் பார்த்தார்.

"எப்ப தொடக்கம் பூவில ஆசை?" என்றார் மேரி அக்கா.

அண்ணை மெல்ல நொண்டி அப்பால் நகர்ந்தார். பேருந்துத் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்தார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

ஸ்ரேசன் படிக்கட்டு வந்தது.

"இந்தா பாருங்கோ, இறங்குறன்."

மூன்று படிகள் இறங்கினார். கீழே ஒரு ரயில் வந்த காற்று மேலே எழுந்தது. கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். நல்ல குளிரில் அவருடைய சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. இவ்வளவு நேரமும் வாயாடிய மேரி அக்கா இறங்கிப் போய் அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி," என்றார் அண்ணை, "எழுதுங்கோ."

வீடு திரும்பி, தனித் தாளில் எழுதி இணைத்தேன். நின்ற இடங்கள், உட்கார்ந்த நேரம், மூன்று படிகள், நடந்து வேலைக்குப் போவதற்கான காரணம். கண்டதற்கும் கேட்டதற்கும் மேல் ஒரு சொல்லும் இல்லை. அட்டை கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்வதும் முறையல்ல.

அண்ணை கையொப்பமிட்டார். பிறகு தயங்கினார்.

"ஒரு கொப்பி தாங்கோ, தம்பி. இதையும் இனி மாத்தேலாது எல்லோ? நாளைக்குக் கால் சுகமானாலும் நொண்டத்தான் வேணுமோ?"

"இல்லை அண்ணை. சுகமானால் சுகம் எண்டு சொல்லுங்கோ. ஒருத்தரும் உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்ப மாட்டினம்."

பேனையை என் பக்கம் நகர்த்தினார்.

"அதை எழுத்தில தருவியளோ?"

தந்தேன். முகாமில் நான் சொன்னதை மீளப் பெறுகிறேன் என்று தமிழில் எழுதி, திகதியிட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். பழைய வாக்குமூலத்தின் மேல் வைத்து, கோப்பினை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று அந்த முகாம் அறையில் இருந்தவர்கள் எவரேனும் இதை வாசித்தால் அறியத் தாருங்கள். உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைக்கிறேன்.