நாடி பிடித்த விரல்

நான் மதுரையில் நர்ஸ். சமயநல்லூரிலிருந்து வரும் ஜெயா எங்கள் வார்டில் நர்ஸாகச் சேர்ந்த நாளிலிருந்து, "அந்தப் பொண்ணையே ஊசி போடச் சொல்லுங்க, வலியே தெரியல" என்றார்கள் நோயாளிகள். பதினோரு வருஷ சர்வீஸ் எனக்கு. வயிறு எரிந்தது.

கழுத்தில் தைராய்டு ஆபரேஷனான ஒரு அம்மாவுக்கு ஒருநாள் விரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டன. கால்சியம் குறைவு, நரம்பில் ஏற்றச் சொன்னார் டாக்டர். ஜெயா எடுக்கப் போன கண்ணாடி சிரிஞ்சை நான் வாங்கிக்கொண்டேன். என் கைவேகத்தை அவள் பார்க்கட்டும் என்று அழுத்தினேன்.

"நிறுத்துங்கக்கா! நாடி விழுது!"

அந்த அம்மாவின் மணிக்கட்டில் ஜெயாவின் விரல் இருந்தது. நிறுத்தினேன். நாடி மெல்லத் திரும்பியது.

இதயம் சுருங்கக் கால்சியம் வேண்டும். அதையே ஒரே மூச்சில் கொட்டினால் இதயம் நின்றுவிடும். எனக்குத் தெரியாததா?

டாக்டர் வந்தபோது ஜெயா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுடைய அந்த நல்ல குணமும் எனக்குப் பொறுக்கவில்லை. நானே சொல்லித் திட்டு வாங்கினேன்.

இப்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் மெதுவாக ஏற்றுகிறேன். நாடி பிடிக்க ஜெயாவைத்தான் கூப்பிடுகிறேன். கூப்பிடும்போது இன்னும் எரியத்தான் செய்கிறது.