ஒரே எண்ணில் இரண்டு குழந்தைகள்

குமாரபாளையத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு நான்தான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் ஒவ்வொரு குழந்தைக்கும் தானாகத் தரும் ஒன்று, இரண்டு என்ற எண்கள் எனக்கு அழகாகப் படவில்லை. தாயின் கைபேசி எண்ணையும் குழந்தையின் பிறந்த தேதியையும் சேர்த்து அடையாள எண், அதாவது ஐடி, உருவாகும்படி எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான் அங்கே போயிருந்த ஒரு நாள், தறி ஓட்டும் ஒருவர் வந்தார். அவருடைய இரட்டைப் பெண்களில் மூத்தவள் தன்ஷிகா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அவ பேரு, எடை போட்ட சீட்டு ஒண்ணு எடுத்துக் குடுங்க சாமி. அவ பேர வேற எங்கயும் எழுதலீங்க."

தேடினேன். தங்கை மட்டுமே இருந்தாள். ஒரே தாய், ஒரே தேதி, அதனால் ஒரே ஐடி. தங்கையைப் பதிந்தபோது, ஏற்கெனவே பதிந்த குழந்தையின் விவரத்தைத்தான் திருத்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, என் நிரல் அக்காவின் மேலேயே எழுதிவிட்டது. இரண்டு பதிவுக்கும் சில நிமிடங்களே இடைவெளி என்பதால் இரவில் எடுக்கும் காப்புப் பிரதியிலும் அவள் இல்லை.

"இல்லீங்க. என் தப்புங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. "செரிங்க, வாரேன்" என்று எழுந்து போனார்.

அன்றே ஐடி தரும் வேலையை டேட்டாபேஸிடமே விட்டுவிட்டு, தன்ஷிகாவை மறுபடி சேர்த்தேன். எடைக் கட்டத்தில் போட மட்டும் என்னிடம் எதுவும் இல்லை.