பூவராகன் பொட்டு வைத்த இரும்பு

கீழ்க்கட்டளை பூவராகனுக்குக் கை சும்மா இருக்காது. பந்திக்குப் போனாலும் இலை கோணலாக இருக்கிறது என்று பக்கத்து இலையையும் சேர்த்து நிமிர்த்துகிற மனிதர்.

பீர்க்கன்கரணைக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில், கடற்படை முன்பு பழைய சாமான் போட்டு வைத்திருந்த நிலத்தில், இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு எழும்பப் போகிறது. கப்பலே வராத ஏரிக்குக் கடற்படை எதற்கு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பால்கனியிலிருந்து தண்ணீர் தெரியும் என்றதும் கேள்விகள் அடங்கிவிட்டன. அங்கே சைட் இன்ஜினியர் நம் பூவராகன்.

ஆயுத பூஜையன்று கிரேன், கலவை மெஷின், தன் ஹெல்மெட் வரை சந்தனம் குங்குமம் வைத்தார். குங்குமம் மிஞ்சியது. கப்பல் கயிறு கட்டுகிற இரும்பு முளை ஒன்று, கடற்படை விட்டுப் போனது, பருத்த தலையோடு இடுப்பளவு நின்றிருந்தது. பாவம், இதற்கும் ஒன்று என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அதற்கு மாலை விழுந்தது. வெள்ளிக்கிழமை மஞ்சள் புடவை. சைட் கேட் அருகே மீன் விற்கும் முனியம்மா, கடற்கரைக் குப்பத்துக்காரி, கப்பலையே இழுத்துப் பிடித்தவள் நம்மை விட்டுவிடுவாளா என்று கற்பூரம் ஏற்றினாள். கப்பலம்மன் என்று பெயர் வந்தது. தீபாவளிக்குள் தகரக் கொட்டகையும் வந்தது.

கட்டடத்தின் மூலை பைல், அதாவது அஸ்திவாரத் தூண், இறங்க வேண்டியது சரியாக அந்தக் கொட்டகைக்குள். துளை போட ஓர் ஆளும் மெஷினைத் தொடவில்லை. இந்த வாரம் பைல் இறங்காவிட்டால் ராஜஸ்தான் சைட்டுக்கு மாற்றல் என்று மேலாளர் ஷ்யாம்சுந்தர் போனில் சொல்லிவிட்டார். "ஒட்டகத்துக்குப் பொட்டு வெச்சுக்கிட்டு இருங்க, நான் வரலை" என்றாள் மனைவி சுப்ரஜா.

பூவராகன் முனியம்மாவிடம் போய், அது வெறும் இரும்பு என்றார்.

"இரும்புன்னா நீ ஏன் சார் பொட்டு வெச்ச? எங்க வூட்டு தோசக்கல்லுக்கு நான் வெக்கறனா?"

பூவராகன் இன்ஜினியரிங்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு, விற்பனைப் பிரிவின் பேச்சைக் கடன் வாங்கினார். "ஊரே தண்ணி பாக்கத்தான் இங்க வீடு வாங்குது. அம்மன் மட்டும் தகரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? கரையோரமா, ஏரியைப் பாத்தாப்புல வெப்போம்."

முனியம்மா யோசித்தாள். "அப்பால முன்னாடி எவனாச்சும் மாடி கட்டி மறைச்சுட்டா?"

"முன்னாடி ஏரிதானே இருக்கு? ஏரிக்குள்ளயா கட்டுவாங்க?"

இருவரும் ஏரியைப் பார்த்தார்கள்.

கடைசியில் பூ கட்டிப் போட்டுக் கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தது, அம்மன் சம்மதித்தாள். கிரேன் ஓட்டும் குமரவேல் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினார். கழற்றக் கூடாது என்று கத்தவேண்டிய பாதுகாப்பு அதிகாரியும் வெறுங்காலில் நின்றார். மேளத்தோடு அம்மன் வானத்தில் ஆடி ஆடிப் போய்க் கரையில் இறங்கினாள். வியாழனன்று பைலும் இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஷ்யாம்சுந்தர் நேரில் வந்து, மாற்றல் இல்லை என்றார். பூவராகன் பெருமூச்சு விடுவதற்குள் முனியம்மா கற்பூரத் தட்டை அவர் கையில் வைத்தாள். முதல் பொட்டு வைத்தவர்தான் பூசாரி; அது குப்பத்து வழக்கமாம்.

ஹெல்மெட்டோடு தீபாராதனை காட்டித் திரும்பினார். விபூதிக்கு முதல் ஆளாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றவர் ஷ்யாம்சுந்தர்.