கசிமிர் கட்டிய சுவர்

பக்கவாதம் கசிமிரின் வலது பக்கத்தைக் கொண்டுபோனது. பேச்சில் ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்தது. "இல்ல." பசித்தாலும் அதுதான், தலையணையை நகர்த்தச் சொன்னாலும் அதுதான். எந்த "இல்ல" எதற்கு என்று பிரித்தறிய அவன் மனைவி யனினாவுக்கு ஒரு குளிர்காலமே ஆயிற்று.

மொகிலியோவ் நகருக்கு வெளியே இருந்த அந்த வீட்டை அவன் தன் கையாலேயே கட்டியிருந்தான். காற்றுக்குமிழ் நிறைந்த, ரம்பத்துக்கே அறுபடுகிற வெள்ளைக் கற்கள். கட்டும்போது யனினாவை ஒரு கல்கூடத் தூக்கவிடவில்லை. இப்போது அவனுடைய சக்கர நாற்காலி, படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நடையில் நுழையாமல் சிக்கிக்கொண்டது. நான்கு விரற்கடை போதவில்லை. ஒருபக்கம் மெல்லிய தடுப்பு. அதற்குள் தண்ணீர்க் குழாய். மறுபக்கம் கூரையைத் தாங்கும் தடித்த சுவர். செதுக்கினால் அதைத்தான் செதுக்க வேண்டும்.

கசிமிரின் தம்பி ரிகோர் ஒரு பை நிறையக் கருவிகளோடு வந்தான்.

"ஒரு மணி நேர வேலை, அண்ணி. நீங்க போய்க் கிழங்கு அடை சுடுங்க. வாசனை போறதுக்குள்ள முடிச்சிடறேன்."

"உன் ஒரு மணி நேரம் எனக்குத் தெரியும். போன வருஷம் கோழிக்கூடு போட்டியே, கோழி செத்த அப்புறம்தான் கதவு வந்துச்சு."

உள்ளறையிலிருந்து "இல்ல!" என்று குரல் வந்தது. யனினா கட்டிலருகே போய், செல்லப்பெயர் சொல்லிக் கேட்டாள்.

"சுவரைத் தொடக் கூடாதா, காசிக்?"

"இல்ல."

"அப்போ தொடலாமா?"

"இல்ல."

"அண்ணன் மந்திரியா ஆகியிருக்கணும்" என்றான் ரிகோர். கசிமிரின் இடது கை போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தது.

யனினா கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து அவன் கண்முன் நீட்டினாள். முதலில் சுவர் உடைக்கும் டிரில் மெஷின். "இல்ல!" கட்டில் சட்டத்தில் கை அறைந்தது. அதன் உதறல் கல்லைப் பொடியாக்கும், பூச்சு இணைப்பெல்லாம் விரிசல் விடும் என்பது அவளுக்கே புரிந்தது. அடுத்து வைரத்தட்டு சுழலும் கட்டிங் மெஷின். "இல்ல." இது தணிந்த குரல்; கூடவே இருமல். அந்தத் தூசி வீடெல்லாம் புகை மாதிரி பரவும், படுத்த படுக்கையாய்க் கிடப்பவன் எங்கே ஓடுவான்?

கொட்டகையிலிருந்து கொக்கிபோல் வளைந்த ஒரு கைக்கருவியை அவளே எடுத்துவந்தாள். குழாய் பதிக்கச் சுவரில் நீளப் பள்ளமாகக் காடி இழுக்க அவன் வைத்திருந்தது. அதோடு உளியும், பல் வைத்த இழைப்புளியும். கசிமிர் பார்த்தான். இந்த முறை "இல்ல" வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான்.

ரிகோர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் தண்ணி தெளிக்கிறேன், அண்ணி" என்றான்.

அவன் சுவரை நனைக்க நனைக்க யனினா காடி இழுத்தாள். ஒரே ஆழத்தில் வரிவரியாய்க் கீறி, நடுவே நின்ற மேடுகளை உளியால் தட்டி உதிர்த்து, இழைப்புளியால் தேய்த்தாள். ஈரத்தூள் மாவுபோல் காலடியில் குவிந்தது. மூன்றாம் நாளே உள்ளங்கை பிய்ந்துவிட்டது, துணி சுற்றிக்கொண்டாள். ஏணி போட்டு மேலே ஏறியபோது, சத்தம் உயர்வதை உள்ளே படுத்தவாறே கேட்டு அவன் கத்தினான்: "இல்ல! இல்ல!"

அண்ணாந்து பார்த்தாள். அடுத்த கல்வரிசைக்கு மேல் கூரை உத்தரம் உட்கார்ந்திருந்தது. இறங்கி ஏணியை மடக்கினாள். நாற்காலிக்கும் முழங்கைக்கும் வேண்டிய உயரம் வரைதான் சுவர் மெலிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். நாற்காலி உரசாமல் நுழைந்தது. பாதி வழியில் அவன் இடது கையால் சுவரைத் தடவி, ஒரு மேட்டில் விரலை நிறுத்தி, "இல்ல" என்றான்.

"ஆமா, மட்டமா இல்லதான். நீ எழுந்து வந்து தேய். இப்போ சாப்பிடு."

அதன்பின் ஒன்றரை வருஷம் அவன் சமையலறை மேசையில்தான் சாப்பிட்டான். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்து, போகிற ஒவ்வொரு வண்டிக்கும் "இல்ல" என்று தீர்ப்பு சொன்னான். உருளைக்கிழங்கு அறுவடையின்போது, ஒரு நாள் காலையில், அவன் கண் விழிக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், செதுக்கிய சுவரைப் பழையபடி பூசி நிரப்ப, ரிகோர் பூச்சுக் கலவை மூட்டையோடு வாசலில் நின்றான்.

"கொட்டகைல வை" என்றாள் யனினா. "மழை வர்றதுக்குள்ள கிழங்கைத் தோண்டணும். மண்வெட்டி எடுத்துட்டு வா."